மேல்துணியும் உள்துணியும்

அத்தியாயம் 14

பேசுவதில்லை என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால் வீட்டில் சத்தம் குறைய வேண்டும் அல்லவா? இந்த வீட்டில் கூடியது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கட்டிங் மாஸ்டர் தன் மருமகளோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாம் மகன் வழியாகத்தான். "அவகிட்ட சொல்லு, கண் மருந்து தீரப்போகுதுன்னு." மருமகள் ஒன்றரை அடி தூரத்தில்தான் நிற்பாள். "அவங்ககிட்ட சொல்லுங்க, புது பாட்டில் வாங்கி வச்சாச்சுன்னு." நடுவில் மகன் தபால்காரன்.

காரணம் நம் வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. கட்டிங் மாஸ்டர் என்பது மாமியாரின் பட்டப்பெயர். முப்பத்தொரு வருடம் ஒரு சட்டைப் பட்டறையில் துணி வெட்டியவர். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் மூன்று வருடமாகப் பனி. வேறு கருவிழி வைத்தால் தெரியும், பெயர் கொடுத்துக் காத்திருங்கள் என்றார்கள். மருமகளுக்கு வேலையே அந்த ஆஸ்பத்திரியின் கண் வங்கியில். பட்டியல் அவளுடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது.

"ரெண்டாவதா இருக்கற என் பேரை மொதல்ல ஏத்தறதுக்கு உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் மாமியார்.

"அரை நிமிஷம் ஆகும் அத்தை. ஆனா செய்யமாட்டேன்."

அன்றைக்கு மூடிய வாய்.

இப்போது வியாழக்கிழமை. காலை எட்டரைக்கு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. முந்தின நாள் கண் வங்கிக்கு வந்த இரண்டு கண்களில் ஒன்றை மருமகள் ஏற்கெனவே ஓரமாக வைத்திருந்தாள். பழைய ஆபரேஷன் தழும்பு, செல் எண்ணிக்கையும் போதாது, அது டாக்டர்கள் பயிற்சி எடுக்கத்தான் போகும். ஆனால் இன்னொன்று! சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது செல். முன்பக்கமும் துடைத்து வைத்த கண்ணாடிதான். அவள் இரண்டு முறை எண்ணினாள். எண்ணும்போது அவளுக்கு உதடு அசையும்.

ரிப்போர்ட்டில் குறை எதுவும் இல்லை. ஆகவே இன்றைக்கே பயன்படுத்தலாம். இன்றைக்கே பயன்படுத்தியும் ஆக வேண்டும். பாதுகாத்து வைக்கிற திரவத்தில் கருவிழி நாலு நாள்தான் தாங்கும், ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவோ நாளைக்குக் காலை கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் வருவார்.

பட்டியலைத் திறந்தாள். முதல் பெயர் ஒரு வெல்டருடையது, வயது முப்பத்தெட்டு. இரண்டாவது பெயரைப் படிக்க அவளுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், ரெண்டாவது ஆள் எங்க மாமியார். நான் போன் பண்றப்ப நீங்க பக்கத்துல இருங்க."

மேனேஜர் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். தும்மினால்கூட எந்தப் பிரிவின் கீழ் தும்மினோம் என்று பார்ப்பார். "அரை மணிக்கு ஒண்ணா மூணு தடவை கூப்பிடணும். எடுக்கலன்னா அடுத்த ஆள். ரெண்டாவது ஆளையும் வரச்சொல்லி உக்கார வைக்கணும். யாரா இருந்தாலும் அதான். உங்க வீட்டுக்கு நானே பேசறேன்" என்றார்.

ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு. போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது. ஒன்பதரைக்கும் அதே குரல், அதே பதில்.

வீட்டில் நடந்ததைப் பிறகு கணவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். மேனேஜரின் போன் வந்தபோது கணக்கு டீச்சர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தான். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டீச்சரைப் பின்சீட்டுக்குத் தள்ளி, வண்டியைத் தன் வீட்டுக்கு விட்டு, அம்மாவை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தான். வண்டி மேலே பழகுநர் என்ற பலகை இருந்ததால் லாரி முதற்கொண்டு பயந்து வழிவிட்டது. டீச்சரும் ஆஸ்பத்திரி வரை வந்து, என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டே போவதாகச் சொல்லி வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்கு மூன்றாவது அழைப்பு. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மேனேஜர் பதிவேட்டில் "பதில் இல்லை" என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார். பிறகு, விதியில் இல்லாத ஒரு காரியமாக, சிரித்தார்.

"போங்க. அவங்க பைலை எடுத்து தியேட்டருக்கு அனுப்புங்க."

மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விரலைக்கூட அசைக்காமல், பட்டியலைத் தொடாமல், அத்தைக்குக் கண் வந்துவிட்டது. ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஆபரேஷனுக்கு முந்தைய அறையில் கட்டிங் மாஸ்டர் பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் தடவி நர்ஸிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வந்துட்டியா? ஒன்கிட்ட பேசறேன்னு நெனைச்சுக்காத. ஆஸ்பத்திரி ஆள்கிட்ட பேசறேன். இந்த கவுனை வெட்டினவனுக்குத் தோள்பட்டைன்னா என்னன்னே தெரியாது."

ஐந்து நாளைக்குப் பிறகு நேராக வந்த முதல் பேச்சு. மருமகளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

பைல் எடுக்க அலமாரிக்குப் போனவள், வெல்டருடைய பைலையும் சேர்த்து எடுத்தாள். அதில் "பதில் இல்லை" என்று முத்திரை வைக்க வேண்டும். பிரித்தால் மேலேயே அவருடைய படிவம். நோயாளி தன் கைப்பட நிரப்ப வேண்டும் என்பது விதி. கண் தெரியவில்லை என்று வருகிறவரிடம் பேனாவைக் கொடுத்து, கட்டத்துக்குள் எழுது என்று சொல்கிற இடம் கண் ஆஸ்பத்திரி ஒன்றுதான். எழுத்தெல்லாம் கட்டத்தைத் தாண்டி மேய்ந்திருந்தது.

போன் எண்ணைப் பார்த்தாள். ஆறாவது இலக்கம் ஒன்று. பிறந்த தேதியைப் பார்த்தாள். அதில் மாதம் ஏழு. அந்த ஏழும் இதே நெட்டைக் குச்சிதான், தலையில் மட்டும் துளி மூக்கு.

மறுபடி போன் எண்ணைப் பார்த்தாள். ஆறாவது இலக்கத்துக்கும் மூக்கு இருந்தது. அது ஒன்று இல்லை, ஏழு.

எட்டு மாதத்துக்கு முன் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவளேதான். காலையிலிருந்து மூன்று முறை, விதிப்படி, சாட்சியோடு, யாரோ ஒரு வேற்று மனிதரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அறையின் கதவுக்கு அப்பால் அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டே ஒரு வருடம் இருக்கும். மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் காகிதத்தை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு, இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? மேனேஜர் கையெழுத்தே இருக்கிறது.

அலமாரிமேல் சாய்ந்துகொண்டு சரியான எண்ணைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"கண் ஆஸ்பத்திரியா? இருங்க, கிரில்லைக் கீழ வச்சுட்டு வர்றேன்" என்றது ஒரு கனத்த குரல். "என்னங்க, வந்துடுச்சா? எத்தனை மணிக்கு வரணும்? இப்பவே வரட்டுமா?"

"இப்பவே வாங்க" என்றாள்.

மேனேஜரிடம் படிவத்தை நீட்டியபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அந்த வாரம் எத்தனை படிவம் ஏத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தொன்று என்றாள். "நாளையிலேருந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கணும். இப்ப போய் உங்க வீட்ல சொல்லுங்க. அதை நான் செய்ய முடியாது."

அத்தையிடம் சொல்வதைவிட முப்பத்தொரு படிவத்தையும் விழுங்குவது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள். தன் தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

முதலில் வெடித்தது கணவன்தான். "அம்மாவுக்கு கவுனெல்லாம் மாட்டியாச்சு. இப்ப வந்து அவன் போன் எடுத்துட்டான்னு சொல்றியா? நீ ஏன் மறுபடி கூப்பிட்ட? ஒன்னை யாரு கூப்பிடச் சொன்னா?"

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் கட்டிங் மாஸ்டர்.

அவர் முகம் வெளுத்திருந்தது. கவுனின் நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் மருமகளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவனுக்கு என்ன கோளாறு?" என்று கேட்டார் கடைசியில்.

"வெல்டிங் பொறி பட்டு, சீழ் வெச்சு, முன்பக்கம் பூரா வெள்ளைத் தழும்பு அத்தை. பின்பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"எனக்கு?"

"ஒங்களுக்கு நேர்மாறு. பின்பக்கம் ஒரு மெல்லிசு படலம் இருக்கு. கண்ணுக்குள்ள ஊறற தண்ணியை இறைச்சு வெளிய தள்றது அதோட வேலை. அது போயிட்டதால தண்ணி கோத்துப் பனியா தெரியுது."

"அப்ப அவனுக்கு மேல்துணி. எனக்கு லைனிங்." கட்டிங் மாஸ்டர் காற்றிலே ஒரு துணியைப் பிரித்துக் காட்டினார். "ரெண்டு பேருக்கும் ரெண்டு வேணுங்கறப்ப ஒருத்தனுக்கு மட்டும் எதுக்கு முழுசா குடுக்கறீங்க? அவனுக்கு வெக்கறப்ப அந்த லைனிங்கை என்ன பண்ணுவீங்க?"

"உரிச்சு எடுத்துருவோம். அவருக்கு அவரோடதே இருக்குல்ல."

"எடுத்து?"

மருமகள் வாயைத் திறந்தாள். எடுத்து, குப்பையில் போடுவார்கள். இத்தனை வருடமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் வேண்டியவரும் பின்பக்கம் வேண்டியவரும் ஒரே நாளில் கவுனோடு வந்து உட்கார்ந்தது இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை நடந்ததில்லை.

அடுத்த நொடி அவள் அங்கே இல்லை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அடுத்த ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும் குழாயை நிறுத்திவிட்டார்.

"நான் படிக்கறப்ப ரெண்டு தடவை பண்ணியிருக்கேன்" என்றார். அவர் கண்ணிலும் ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. "ஆனா ஒரு விஷயம். வெல்டர்தான் மொதல்ல. அவரோட முன்பக்கத்தை எடுக்கறப்ப அவரோட சொந்தப் படலம் கிழிஞ்சுதுன்னா, வந்த கருவிழி முழுசும் அவருக்குத்தான். ஒங்க அத்தைக்கு எதுவும் மிஞ்சாது. கிழியாம இருந்தா, நம்ம கருவிழியிலேருந்து நீங்க படலத்தை உரிக்கணும். நீங்க கிழிச்சாலும் எதுவும் மிஞ்சாது. இதை ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிக் கையெழுத்து வாங்குங்க."

"நான் உரிக்கறதா? எங்க வீட்டு ஆளுக்கா?"

"இன்னிக்கு வேற யாரு இருக்கா? எத்தனை உரிச்சிருக்கீங்க?"

"பழகறதுக்கு அம்பது, அறுபது. ஆபரேஷனுக்கு ஒம்பது."

"இது பத்தாவது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா குழாயைத் திறந்தார்.

வெல்டர் முக்கால் மணியில் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் பொறி பட்ட பொத்தல்கள். அவரையும் பச்சை கவுனுக்குள் திணித்து, கட்டிங் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மருமகள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"எனக்கு வேண்டாததை அவங்க எடுத்துக்கறதுக்கு எதுக்குங்க கையெழுத்து? குடுங்க, போடறேன். ஆனா என்னுது கிழிஞ்சா அம்மாவுக்கு ஒண்ணுமே கிடைக்காதா?"

"கிடைக்காது" என்றார் கட்டிங் மாஸ்டர். "அதனால அசையாம படு."

"நான் வேணும்னா ஆடப்போறேன்?"

"ஆடற ஆளு மாதிரிதான் இருக்க. காலை ஆட்டறத நிறுத்து மொதல்ல, பெஞ்சே குலுங்குது."

வெல்டர் காலை நிறுத்தினார்.

பன்னிரண்டேகாலுக்கு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மருமகள் கண் வங்கியில் கையுறை மாட்டி, மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்துவிட்டாள். தட்டில் கருவிழி மிதந்தது. பக்கத்தில் இன்டர்காம். மணி ஒன்று ஆயிற்று. வெளியே கணவன் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு தடவை கதவைத் திறந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றான். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிற குரல் அது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒன்று பத்துக்கு இன்டர்காம் கரகரத்தது.

"தழும்பையும் படலத்தையும் பிரிக்க விட்ட காத்து அழகா ஏறிடுச்சு. இவரோட படலம் முழுசா தனியா வந்து நிக்குது, ஒரு கீறல் இல்ல" என்றார் டாக்டரம்மா. "உரிங்க."

அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவில்லை. நீலச் சாயத்தை ஒரு சொட்டு விட்டாள். படலத்தின் ஓரம் மெல்லிய நீலக்கோடாகத் தெரிந்தது. தலைமுடியில் நாலில் ஒரு பங்கு கனம்கூட அதற்கு இருக்காது. சுற்றிலும் ஓரத்தைக் கிளப்பிவிட்டு, இடுக்கியால் பிடித்து, திரவத்துக்குள்ளேயே மெல்ல மெல்ல இழுத்தாள். கால் பாகம் வந்தது. அரைப் பாகம் வந்தது. மூச்சுவிட மறந்துபோய், பிறகு நினைவு வந்து விட்டாள்.

முக்கால் பாகத்தில் ஓர் இடம் ஒட்டிக்கொண்டது. விடமாட்டேன் என்றது. ஒரு மயிரிழை அதிகமாக இழுத்துவிட்டாள் போலிருக்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு கிழிசல் விழுந்தது.

அப்படியே நிறுத்தினாள். கிழிசல் உள்ளே ஓடினால் எல்லாம் முடிந்தது. இடுக்கியை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்து, திசையை மாற்றி இழுத்தாள். இதோ, இதோ என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. படலம் சட்டென்று விடுபட்டு, திரவத்தில் தானாகச் சுருண்டுகொண்டது. நீலச் சுருள் ஒன்று. அத்தையின் கண் அது.

இன்டர்காமை அழுத்தினாள். "வந்துடுச்சு டாக்டர். ஓரத்துல ஒரு கிழிசல் இருக்கு. வேண்டிய அளவுக்கு வட்டம் வெட்டினாலும் கிழிசல் அரை மில்லிமீட்டர் உள்ள நிக்கும்."

மறுமுனையில் ஏதோ கருவியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பரவாயில்ல, வெக்கலாம். மேல்பக்கத்தை இவருக்கு அனுப்புங்க. அம்மாவைத் தயார் பண்ணச் சொல்லுங்க."

மருமகள் கையுறையோடு எழுந்து வெளியே வந்தாள். இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு பேருக்கும் உண்டு என்று புரிந்துகொண்ட கணவன் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டான். அது மேனேஜர். எந்தப் பிரிவின் கீழ் இது வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

வெல்டருக்குப் பதினாறு தையல். கட்டிங் மாஸ்டருக்கு ஒரு தையல்கூட இல்லை. சின்னத் துவாரம் வழியாகச் சுருளைக் கண்ணுக்குள் அனுப்பி, விரித்து, கீழிருந்து காற்றுக் குமிழி ஒன்றைத் தாங்கலாகக் கொடுத்தார் டாக்டரம்மா. அந்தக் காற்று மேலே அழுத்தி அழுத்தித்தான் படலம் ஒட்ட வேண்டும். அதனால் விடிகிற வரை கூரையைப் பார்த்தபடியே படுத்திருக்க வேண்டும்.

மாலை ஐந்தரைக்கு டாக்டரம்மா வந்து, கண் கட்டை விலக்கிக் கைவிளக்கால் பார்த்தார். "பிரமாதமா ஒட்டியிருக்கு. ஓரத்துல ஒரே ஒரு இடம் தூக்கிட்டு நிக்குது. காலையில ஆறு மணிக்கு வந்து பாத்துட்டுதான் ஊருக்குப் போவேன். அதுக்குள்ள ஒட்டிட்டா கவலையே இல்ல. ஒட்டலன்னா..." என்று நிறுத்தி, "காலையில பாப்போம்" என்று கட்டை மூடினார்.

கணவன் மருந்து வாங்கப் போனான். அறையில் இரண்டே பேர்.

"அத்தை" என்றாள் மருமகள். "தூக்கிட்டு நிக்குதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல, அந்த இடம் நான் உரிக்கறப்ப கிழிச்ச இடம்."

"எவ்வளவு?"

"அரை மில்லிமீட்டர்."

கட்டிங் மாஸ்டர் கூரையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. "காலையிலேருந்து நீ வந்து சொல்ற ரெண்டாவது கெட்ட சேதி இது. சொல்லாம இருந்தா ஒனக்கு வயிறு வெடிச்சுடுமா?"

"ஆமா அத்தை."

படுத்திருந்தவரின் தோள் குலுங்கியது. "சிரிக்க வெக்காத. காத்து ஆடப்போகுது."

பிறகு கட்டிங் மாஸ்டர் கையை நீட்டி, மருமகளின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"காலையில கட்டைப் பிரிக்கறப்ப நீ எனக்கு எதிர்ல வந்து நில்லு."

"டாக்டர்தான் அத்தை நிப்பாங்க."

"அவங்க தள்ளி நிக்கட்டும். நீ இந்த வீட்டுக்கு வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு. என் கண்ணுல பனி விழுந்து மூணு வருஷம். இத்தனை நாளா ஆளைப் பாக்காமலே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

கட்டைப் பிரித்ததும் பார்வை தெரிந்துவிடாது என்று மருமகளுக்குத் தெரியும். சொல்லாமல் விடலாமா என்று பார்த்தாள். முடியவில்லை.

"காலையில தெரியாது அத்தை. அந்தக் காத்துக் குமிழி கரையணும். அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும்."

"அப்ப நாலஞ்சு நாளும் வந்து நில்லு" என்றார் கட்டிங் மாஸ்டர். "தெரியற அன்னைக்குச் சொல்றேன்."